கையில் கோப்பு இல்லாத ஒரு நாள்

"கொழும்புக்குப் போறன்" என்று எங்கள் பகுதியில் ஒரு பெண் சொன்னால், "என்ன அலுவல்?" என்றுதான் கேட்பார்கள். அலுவல் இல்லாமல் அங்கே போவார்கள் என்று யாரும் நினைப்பதில்லை.

கடவுச்சீட்டு எடுக்கப் போவோம். வெளிநாட்டு ஏஜென்சிக்காரரைக் காணப் போவோம். பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டு போவோம். சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவோம். காணாமல் போனவரைப் பற்றி இன்னுமொரு முறைப்பாடு கொடுக்கப் போவோம். எந்த அலுவலாக இருந்தாலும் கையில் ஒரு கோப்பு இருக்கும். அதற்குள் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மங்கிப்போன ஒரு படம். இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலையில் இறங்கி, வரிசையில் நின்று, மறுபடி இரவு பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேருவோம். பல தடவை போய் வந்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள். கொழும்பில் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

களுவாஞ்சிக்குடியில் இருந்துகொண்டு நான் வேலை செய்கிறேன். என் வேலையில் பாதி எழுவான்கரையில், மீதிப் பாதி பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரையில். படுவான்கரையில் ஒரு மாதர் சங்கம் இருக்கிறது. அங்கத்தவர்கள் இருபத்தெட்டுப் பேர். அநேகமானோர் போரில் கணவரை இழந்தவர்கள், அல்லது கணவர் எங்கே என்று தெரியாதவர்கள். எல்லோரும் 2007இல் ஊரை விட்டு ஓடி முகாம்களில் இருந்து திரும்பியவர்கள்.

2021ஆம் ஆண்டில் ஒரு கூட்டத்தில் சேமிப்புப் பணத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. கதிரை வாங்கி வாடகைக்கு விடலாம் என்றார் ஒருவர். பெரிய சமையல் பாத்திரம் வாங்கலாம் என்றார் இன்னொருவர். அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா, "கொழும்பப் பார்க்கப் போவமாகா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்த பிறகும் அந்தக் கேள்வி அங்கேயே கிடந்தது. வேறொரு யோசனையும் அன்று வரவில்லை.

உண்மையைச் சொன்னால், முதலில் தயங்கியவள் நான்தான். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, ஓய்வு என்பது வசதி படைத்தவர்கள் தங்கள் அந்தஸ்தைக் காட்டும் வழி என்று வெப்லன் 1899இல் எழுதியதைப் படித்துப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தேன். ஏழைப் பெண்களின் ஓய்வைப் பற்றி எங்களுக்கு எவரும் கேள்வி கேட்கவில்லை. வேலைக்கு வந்த பின்பு எதற்கும் 'பயன்' எழுதிப் பழகிவிட்டேன். கோழி வளர்த்தால் வருமானம், தோட்டம் செய்தால் போசாக்கு. கொழும்பைப் பார்த்தால்? ஒரு அதிகாரியும் இதையே கேட்டார். ஆகவே படிவத்தில் "கல்விச் சுற்றுலா" என்று எழுதி, இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாளையும் தயாரித்தேன்.

ஊரிலும் கதை எழும்பியது. "புருசன் இல்லாத பொம்பிளையளுக்கு ஊர் சுத்தல் ஒண்டுதான் குறைச்சல்" என்று சந்தியில் நின்ற ஒருவர், எங்கள் காதில் விழும்படியாகவே சொன்னார். இரண்டு பேர் அதைக் கேட்டுப் பெயரை வெட்டச் சொன்னார்கள். சங்கத் தலைவி அவர்களின் வீட்டுக்குப் போய், "அவரா உனக்கு அரிசி தாறார்? பேரை வெட்ட மாட்டன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வாரம் நூறு ரூபா என்று முட்டியில் போடத் தொடங்கினார்கள். பாய் இழைத்த காசு, கச்சான் விற்ற காசு, அப்பம் சுட்ட காசு. 2022இல் அரிசியும் மாவும் எரிவாயுவும் விலை ஏறிய மாதங்களில் இருபது ரூபாகூடப் போட முடியவில்லை. இருந்தும் முட்டியை உடைக்கவில்லை. இரண்டு வருடங்கள் கழித்து, 2023 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எங்கள் பஸ் புறப்பட்டது. ஏறும்போது நான் பகிடியாக ஒரு சட்டம் போட்டேன்: "ஒருவரும் கோப்புக் கொண்டுவரக் கூடாது."

இரவு ஒரு மணி இருக்கும். பஸ் மன்னம்பிட்டியை நெருங்கியபோது எனக்கு முன்னால் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் திடுக்கிட்டு எழுந்து, கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். போர்க்காலத்தில் சோதனைக்காக எல்லோரும் இறங்கி, பொதியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய இடம் அது. பஸ் நிற்கவில்லை. மகாவலிப் பாலத்தைக் கடந்து போய்விட்டது. கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதை மறுபடி பைக்குள் வைத்துவிட்டு, "பழக்கம் புள்ள" என்றார்.

விடியற்காலையில் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் குளித்து உடுத்தோம். நான் கேள்வித் தாளைப் பகிர்ந்தேன். ஒரு அக்கா அதை வாங்கி இரண்டாக மடித்தபடி, "மிஸ், இண்டைக்கும் கூட்டமா?" என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. எல்லாத் தாள்களையும் திருப்பி வாங்கினேன். மதியம் அவை சோற்றுப் பார்சலுக்கு அடியில் விரிக்க உதவின.

முதலில் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார் என்று சொன்னேன். எங்கள் பெண்கள் தூண்களைத் தொட்டுத் தொட்டு நடந்தார்கள். அங்கிருந்து புனித அந்தோனியார் திருத்தலத்துக்குப் போனோம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டு வெடித்த இடங்களில் ஒன்று. அன்று காலையிலேயே நம்முடைய மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்திலும் வெடித்தது. பிள்ளைகள் பலர் இறந்தார்கள். எங்கள் இருபத்தெட்டுப் பேரில் கிறிஸ்தவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் இருபத்தெட்டுப் பேரும் மெழுகுதிரி வாங்கினார்கள். காற்றில் திரிகள் அணைந்து அணைந்து போயின. பக்கத்தில் நின்ற ஒரு சிங்களத் தாய் ஒன்றும் பேசாமல் தன் கையைக் குவித்துக் காற்றை மறைத்துப் பிடித்தார். எங்களுக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. எல்லாத் திரிகளும் எரியும் மட்டும் அவர் கையை எடுக்கவில்லை.

புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாக எழும்பி நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலைப் பஸ்ஸுக்குள் இருந்தே பார்த்துக்கொண்டு கோட்டைப் பகுதிக்கு வந்தோம். அங்கே நாற்சந்தியில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. அதன் கதை எனக்குப் பிடிக்கும். 1857இல் கட்டி முடித்த அந்தக் கோபுரத்துக்கு வரைபடம் போட்டவர் ஒரு பெண். அப்போதைய ஆளுநர் ஹென்றி வார்ட்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட். மணிக்கூட்டையோ 1814இலேயே செய்வித்து விட்டார்கள். கோபுரம் கட்டப் பணமில்லை என்று நாற்பது வருடத்துக்கு மேல் களஞ்சியத்தில் போட்டு வைத்திருந்தார்கள். பிறகு 1867இலிருந்து அந்தக் கோபுரமே கப்பல்களுக்கு வெளிச்சவீடாகவும் இருந்தது. சுற்றிவரக் கட்டடங்கள் உயர்ந்து வெளிச்சத்தை மறைத்ததால் 1952இல் கடலோரத்தில் வேறு வெளிச்சவீடு கட்டினார்கள்.

"நாப்பது வருசம் பெட்டிக்குள்ள கிடந்தும் பழுதாகல்லியா?" என்று ஒரு அக்கா கேட்டார். "ஓடியிருக்கு" என்றேன். அவர் கழுத்தை உயர்த்தி நெடுநேரம் அதைப் பார்த்தார். தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டார்.

அதே பகுதியில்தான் மத்திய வங்கி இருக்கிறது. 1996 ஜனவரி 31 அன்று குண்டு நிரப்பிய பாரவூர்தி அங்கே வெடித்துத் தொண்ணூறு பேர் வரையில் இறந்தார்கள். நான் அதைச் சொன்னதும் பேச்சு நின்றது. இறந்தவர்கள் அன்றைக்கு வேலைக்கென்று வீட்டிலிருந்து புறப்பட்ட மனிதர்கள். "அவங்கட வீட்டிலயும் நம்மளப்போலப் பொம்பிளையள் இருப்பாங்கதானே" என்று சங்கத் தலைவி சொன்னார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

துறைமுகத்துக்குள் போக அனுமதி கிடையாது. வெளியே நின்று பார்த்தோம். பாரந்தூக்கிகள் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நின்றன. பெட்டிகளை அடுக்கிய கப்பல் ஒன்று, அசையாதது போல அசைந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. திருகோணமலையைப் போல இது இயற்கைத் துறைமுகம் அல்ல. ஒரு காலத்தில் கப்பல்கள் காலிக்குத்தான் அதிகம் போயின. 1875இல் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டி, பத்து வருடம் கல்லும் கொங்கிறீட்டும் போட்டு, கடலை மறித்து உண்டாக்கியதுதான் இந்தத் துறைமுகம். அதன் பிறகு கப்பல்கள் காலியை விட்டு இங்கே வரத் தொடங்கின.

"நம்மட பால்மா, பருப்பு, சீனி எல்லாம் இதுக்குள்ளாலயா வருது?" என்று கேட்டார்கள். ஆம் என்றேன். டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது, உணவுப் பொருட்கள் ஏற்றிய பெட்டிகள் விடுவிக்கப்படாமல் இந்தத் துறைமுகத்தில் தேங்கிக் கிடந்ததையும் சொன்னேன். களுவாஞ்சிக்குடிக் கடைத்தெருவில் வரிசையில் நின்றபோது, கடைக்காரர் ஒளித்து வைத்திருக்கிறார் என்று அவரோடு சண்டை பிடித்தவர்களும் அங்கே நின்றார்கள். "பாவம் அந்த மனுசன்" என்றார் ஒருவர். என்னுடைய இருபது கேள்விகளில் இது ஒன்றுகூட இல்லை.

பிற்பகல் நான்கு மணிக்குக் காலிமுகத்திடலுக்கு வந்தோம். ஆவணி மாதத்தில் நம்முடைய கடல் குளம் போலக் கிடக்கும். இங்கேயோ அலை கரைச்சுவரில் மோதி நடைபாதைக்கு மேலே சீறியது. சேலை நனைந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கத்திக்கொண்டு ஓடினார்கள். மறுபடி நனையவென்றே திரும்பி வந்தார்கள். அப்படிச் சிரிப்பதை நான் ஒரு கூட்டத்திலும் கண்டதில்லை. இறால் வடை வாங்கினோம். "இறால் இரிக்கு, ருசி எங்க? நம்மட வாவி இறாலக் கொண்டுவந்து இஞ்ச ஒரு கடை போடுவமா?" என்று கேட்டு, வடையின் விலையை விசாரித்து, இருபத்தெட்டுப் பேரும் இலாபக் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

நாற்பது வயதான ஒரு பெண் மட்டும் சற்றுத் தள்ளி இருந்தார். வெளிநாடு போவதற்காக 2007இல் இங்கே ஒரு விடுதியில் கடவுச்சீட்டோடு காத்திருந்தவர். அந்த வருடம் ஜூன் 7 அதிகாலையில், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே அதைத் தடுத்தது. ஆனால் அதற்குள் இவர் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்துவிட்டார். "ரெண்டு கிழமை இருந்தன் மிஸ். அலைச் சத்தம் ராவில கேக்கும். பயத்தில ஒரு நாளும் இறங்கிப் பாக்கல்ல" என்றார். பிறகு எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மற்றவர்களோடு போய் நின்றார்.

இந்தத் திடலின் நடைபாதையை 1859இல் கட்டி முடித்தவரும் அதே ஆளுநர் ஹென்றி வார்ட்தான். கொழும்பின் சீமாட்டிகளுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணிக் காக்கும்படி, தனக்குப் பின்னால் வரும் ஆளுநர்களுக்குச் சொல்லும் கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு. அவர் மனதில் இருந்த சீமாட்டிகள் குடையும் கையுறையுமாக உலாவியவர்கள். பட்டிருப்புப் பாலம் கடந்து வரும் பெண்கள் அல்ல. 2009 ஜூன் மாதம் போர் வெற்றி அணிவகுப்பு நடந்ததும் இந்தத் திடலோரம்தான். 2022 மே 18 அன்று, போராட்டம் நடந்த நாட்களில், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் இங்கே கூடி, போரில் இறந்த நம் மக்களை நினைத்துச் சுடரேற்றிக் கஞ்சி பகிர்ந்தார்கள். இதைச் சொன்னபோது, "மெய்யாகவா? இஞ்சயா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார்கள்.

எங்களோடு வந்தவர்களில் மூத்தவர் ஒரு பெரியம்மா. அவருடைய மகனை 1990இல் கூட்டிப் போனார்கள். வயது பதினேழு. காலையில் இருந்து அவர் ஒரு துணிப்பையை மார்போடு அணைத்தபடியே நடந்தார். சூரியன் தாழத் தொடங்கியபோது பையிலிருந்து பொலித்தீனில் சுற்றிய படத்தை வெளியே எடுத்தார். நான் போட்ட சட்டம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"கோவிக்காத மகள். இது கோப்பு இல்ல. இவன்தான்" என்றார்.

நான் என்ன சொல்வேன்? பக்கத்தில் இருந்தேன்.

"எத்தினை தரம் இவனைக் கொழும்புக்குக் கொண்டுவந்திட்டன். எல்லாக் கந்தோரிலயும் காட்டினன். கடலை ஒரு நாளும் இவனுக்குக் காட்டல்ல" என்று சொல்லி, படத்தைக் கடல் பக்கமாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்.

நம்முடைய கடலில் சூரியன் உதிக்கும். கடலில் சூரியன் விழுவதை அன்றுதான் பெரும்பாலானோர் முதன்முதலாகக் கண்டார்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று பெயர் வைத்து வாழ்பவர்கள் நாங்கள். "இதல்லவாகா மெய்யான படுவான்கரை" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். படம் மடியில்தான் இருந்தது.

அந்தச் சிரிப்பை நான் பல நாட்கள் யோசித்தேன். போரில் இழந்த பெண்கள் அழுதால்தான் நம்புகிற ஒரு வழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஊர் மட்டுமல்ல, உதவி செய்ய வருகிற எங்களைப் போன்றவர்களும் அப்படித்தான். துயரத்தைச் சொல்லக் கூட்டம் வைப்போம். சந்தோசத்துக்கு நேரம் ஒதுக்கமாட்டோம். ஒரு பெண் ஒரு நாள் சிரித்தால் இழந்தவரை மறந்துவிட்டாள் என்று ஊர் சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டு அவளும் சிரிக்கப் பயப்படுவாள். பெரியம்மா முப்பத்து மூன்று வருடமாக மகனை மறக்கவில்லை. கடலைப் பார்த்தபோதும் மறக்கவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டுதான் பார்த்தார்.

திரும்பி வந்து படிவத்தை நிரப்பினேன். 'அடைந்த பயன்' என்ற கட்டத்தில், "28 பெண்கள் கொழும்பைப் பார்த்தார்கள்" என்று எழுதினேன். மேலதிக விளக்கம் கேட்டு அது திரும்பி வந்தது. அதையே மறுபடி எழுதி அனுப்பினேன்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் சங்கம் இருக்கும், சின்னதாக ஒரு சேமிப்பும் இருக்கும். போக நினைத்தால், நாங்கள் பட்டுத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன். மலசலகூடம் எங்கெங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். அது தெரியாததால்தான் பெண்கள் வழியில் தண்ணீர் குடிக்காமல் மயங்குகிறார்கள். நீரிழிவு, பிரசர் மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். பஸ் இலக்கத்தையும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் துண்டில் எழுதி ஒவ்வொருவரிடமும் கொடுங்கள். பத்து இடம் பார்க்க ஓட வேண்டாம். மூன்று இடம் போதும், மாலை முழுவதையும் கடலுக்கு விடுங்கள். அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். கோப்பை வீட்டில் வையுங்கள். படம் கொண்டு வருகிறவர்களைத் தடுக்க வேண்டாம்.

சங்கத்தில் புதிய முட்டி வைத்தாயிற்று. அடுத்தது திருகோணமலை. கோணேசரையும் இயற்கைத் துறைமுகத்தையும் பார்க்க வேண்டுமாம். அன்று பெயரை வெட்டச் சொன்ன இரண்டு பேரும்தான் இந்த முறை முதலில் காசு போட்டவர்கள்.